மடக்காத குடை

அந்தம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. கேட்காமல் விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நேராகவே கேட்டேன். என் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே பதில் சொன்னார்.

"பேரு தெரிஞ்சா கூப்புடுவே. கூப்புட்டா நான் எந்திரிச்சு வரணும். எதுக்கு அந்த வம்பு? அக்கான்னே சொல்லு."

அதோடு பேச்சு முடிந்தது. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுகிற ஒரு பொம்பளைக்கு இவ்வளவு திமிரா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. எனக்கு அப்போது கல்யாணமான புதிது. மலாக்கா டவுனில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். கார் சொந்தக் கார். சொந்தம் என்றதும் பெரிதாக எதையாவது நினைத்துக்கொள்ளாதீர்கள். தவுக்கே என்கிற ஒரு சீன முதலாளி ஓட்டித் தேய்த்து, அவர் மைத்துனன் ஓட்டி நொறுக்கி, கடைசியில் என் தலையில் கட்டிய திறந்த கார் அது. மேலே துணிக்கூரை. வெயில் வந்தால் இழுத்து மூடலாம், காற்று வந்தால் அது தானே திறந்துகொள்ளும். ஆனாலும் எனக்கு இருந்த ஒரே பிழைப்பு அதுதான். என்னைவிட அந்தக் காரைத்தான் நன்றாகக் கவனிக்கிறான் என்று என் மனைவி தன் அண்ணனிடம் சொல்லி அழுதிருக்கிறாள். பொய்யில்லை.

அந்தம்மாவை முதலில் பார்த்தது சுங்கை ரம்பாய் கடைவீதியில். ஒரு சவாரியை இறக்கிவிட்டு, வெறும் காரோடு மலாக்காவுக்குத் திரும்ப வேண்டுமே என்ற கடுப்பில் இருந்தேன். பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பினால் ஓர் அரிசி மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. மூட்டைக்குப் பின்னால் அந்தம்மா. நாற்பதைத் தாண்டிய வயது, ஒடிசலான உடம்பு, பால்கறை ஏறிக் கறுத்த விரல்கள், கக்கத்தில் புத்தம்புதுக் கறுப்புக் குடை. வருவாயா என்றும் கேட்கவில்லை, கூலி என்ன என்றும் கேட்கவில்லை. சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"தோட்டத்துக்குப் போ தம்பி."

"தோட்டத்துக்குள்ள வாடகைக் கார விடமாட்டானுங்க அக்கா. கேட்டுலயே எறங்கி நடக்கணும்."

"நீ ஓட்டு. எறங்கறதப் பத்தி அங்க போயிப் பேசிக்கலாம்."

அந்தக் காலத்துத் தோட்டங்களை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்துக்குள் கார் என்றால் அது வெள்ளைக்காரத் தொரையின் கார். அது வரும்போது சைக்கிளில் போகிறவன் இறங்கி ஓரமாக நிற்பான். குடை பிடித்தவன் மடக்குவான். தலையில் துண்டு கட்டியவன் அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொள்வான். தொரைக்கு மட்டுமில்லை, தொரைக்குக் கணக்கு எழுதுகிற கிராணிக்கும் பாதி மரியாதை உண்டு. எந்தச் சட்டத்தில் இது எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டவன் அடுத்த மாதம் தோட்டத்தில் இருந்ததும் இல்லை.

கேட்டில் ஒரு பஞ்சாபி ஜாகா காவல் நின்றான். காரைப் பார்த்ததும் கையை நீட்டி மறித்து, இறங்கு இறங்கு என்று மலாயில் கத்தினான். அந்தம்மா அசையவில்லை. தமிழிலேயே பதில் சொன்னார்.

"நான் எறங்குனா மூட்டையும் எறங்கும். மூட்டைய நீ தூக்கிக்கிட்டு வருவியா? வருவேன்னா சொல்லு, இப்பவே எறங்கறேன்."

அவனுக்கு என்ன விளங்கியதோ, மூட்டையைப் பார்த்தான், வெயிலைப் பார்த்தான், கேட்டைத் திறந்துவிட்டான். தோட்டத்துச் செம்மண் பாதையில் வாடகைக் கார் ஒன்று கூலியாளை ஏற்றிக்கொண்டு, கூலிகள் குடியிருக்கும் லயத்து வாசல் வரைக்கும் போனது அன்றைக்குத்தான் முதல் தடவை என்று பிறகு சொன்னார்கள். குழந்தைகள் காருக்குப் பின்னால் ஓடிவந்தன. பெரியவர்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அந்தம்மாவிடம் இருந்தது ஒரே ஒரு குணம். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். வேறொருவர் சொல்லி எழுந்திருக்க மாட்டார். தானாக எழுந்து ஓடியாடி வேலை செய்வார், அதில் குறை சொல்ல முடியாது. அவர் வெட்டுகிற மரங்களில் காயம் விழாது என்று அவரைப் பிடிக்காத கங்காணியே என்னிடம் சொல்லியிருக்கிறான். ஆனால் 'எழுந்திரு' என்று ஒருவர் சொல்லிவிட்டால் போச்சு.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் நடந்த கதையை லயத்துப் பெண்கள் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். அந்தம்மாவுக்குக் குளிர்காய்ச்சல். மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் உள்ளே எங்கோ போயிருந்தார். அங்கே இருந்தது அவருடைய நாற்காலி ஒன்றுதான். அந்தம்மா அதில் உட்கார்ந்துவிட்டார். டிரெஸ்ஸர் வந்து பார்த்துப் பதறிப்போய், "ஏய், எந்திரி! அது யாரு ஒக்காருற நாக்காலி தெரியுமா?" என்று சத்தம் போட்டிருக்கிறார்.

"தெரியும் சாமி. காச்சல் எனக்கு. நாக்காலிக்குக் காச்சல் வந்தா அப்ப அத நிக்கவைச்சுப் பாருங்க."

டிரெஸ்ஸர் நின்றுகொண்டே மருந்து கலக்கிக் கொடுத்தாராம். அது மட்டும் நடந்திருந்தால் வெறும் வேடிக்கைக் கதை. அடுத்த நாள் அந்த நாற்காலியைக் கழுவி வெயிலில் காயவைத்தார்கள் என்பதையும் அதே பெண்கள்தான் சொன்னார்கள். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

குடைக் கதையை நானே கண்ணால் பார்த்தேன். ஒருநாள் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு மழைக்கு உள்ளே ஒடுங்கியிருந்தேன். அந்தம்மா குடை பிடித்துக்கொண்டு கடையிலிருந்து வந்தார். எதிரே கிராணி, சைக்கிளில், தலையில் தொப்பியோடு. காரிலிருந்தே எனக்குத் தெரிந்தது, என்ன நடக்கப்போகிறது என்று. கிராணி பிரேக்கைப் பிடித்தார்.

"மடக்கு கொடைய!"

"மழ பெய்யுதுங்களே கிராணியாரே."

"நான் வரேன்னு தெரியல?"

"தெரியுது. நீங்க நிக்கச் சொல்லுங்க மழைய. அது நின்னா நான் மடக்கறேன்."

கிராணி கொஞ்சநேரம் மழையில் நனைந்துகொண்டே முறைத்தார். அந்தம்மா நனையாமல் நின்றார். மழை நிற்கவில்லை. எனக்கு அன்றைக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல் வந்தது. எத்தனையோ தடவை எத்தனையோ கேட்டுகளில் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி நின்றவன்தான். அந்தம்மாவை எனக்குப் பிடித்துப்போனது அந்த மழையில்தான்.

ஆனால் லயத்தில் எல்லாருக்கும் பிடித்தது என்று சொல்ல முடியாது. அந்தம்மா குடையை மடக்காத வாரத்தில் அந்த லயத்துக்கே தூரத்து மரங்களை வெட்டக் கொடுத்தார் கிராணி. விடியுமுன் எழுந்து சதுப்பைத் தாண்டி நடக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். "ஒன் கொடைக்கு நாங்க ஏன் நனையணும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.  அந்தம்மா அந்த வாரம் முழுக்க அவளுடைய பால் வாளியையும் சேர்த்துச் சுமந்து வந்தாராம். குடையை மட்டும் மடக்கவில்லை.

பிற்பாடு மலாக்கா டவுனில் புட்டு விற்றபோதும் அதே கதைதான். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். கோட்டுப் போட்டவனாக இருந்தாலும் குனிந்துதான் புட்டு வாங்க வேண்டும். டவுன் அதிகாரி ஒருவர் வந்து இடத்தைக் காலிசெய்யச் சொன்னார். "புட்டு வேகுது, வெந்ததும் பேசலாம்" என்றார் அந்தம்மா. அது வெந்தது, அடுத்த ஈடு அடுப்பில் ஏறியது. அதிகாரி தினமும் வந்தார். கடைசியில் வாடிக்கைக்காரர் ஆகிவிட்டார். நானும் அங்கேதான் காலைச் சாப்பாடு சாப்பிடுவேன்.

அந்தப் பெட்டிமேல் அவர் எப்படி வந்து உட்கார்ந்தார் என்பதற்கு அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும்.

ரப்பர் விலை விழுந்து கிடந்த வருஷங்கள் அவை. தோட்டங்களில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். செக்ரோல் என்கிற ஆள்பட்டியலில் பெயர் இல்லையென்றால் லயத்து வீடும் இல்லை. சாமானைக் கட்டிக்கொண்டு கப்பலேறி இந்தியாவுக்குத் திரும்ப வேண்டியதுதான். எல்லாரும் மூச்சுக்கூடச் சத்தமில்லாமல் விட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அந்தம்மாவுக்குக் கடல் பார்க்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

"தஞ்சோங் கிளிங்குக்குப் போகணும் தம்பி. எங்க லயத்துப் பொம்பளைங்க வராங்க. ஞாயித்துக்கெழம வெட்டு முடிஞ்சதும் வா."

"கடலுன்னா இங்க பக்கத்துலயே இருக்கே அக்கா. எதுக்கு மலாக்காவத் தாண்டி அவ்வளவு தூரம்?"

"இங்க இருக்கறது சேறு. எனக்கு மணல் வேணும். மணல்ல ஒக்காந்து பாக்கணும்."

"என்னத்தப் பாக்க?"

"கடலத்தான். கப்பல்ல வந்தப்ப அடித்தட்டுல போட்டுட்டான். வாந்தி எடுக்கத்தான் நேரம் இருந்துச்சு. கடலு எங்களப் பாத்துச்சு, நாங்க அதப் பாக்கல."

நான் போனேன். காலையில் ஒரு வெட்டு வெட்டி, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, குளித்துச் சீவிப் பூ வைத்துக்கொண்டு பெண்கள் தயாராக நின்றார்கள். கார் தாங்கும் அளவுக்கு மேலேயே ஏறினார்கள். அந்தம்மா துணிக்கூரையை இறக்கிவிடச் சொன்னார், வானம் தெரிய வேண்டுமாம். மடியில் ஒரு பெரிய பித்தளைத் தூக்கு நிறையப் புளிச்சோறு. புறப்படுமுன் ரேடியேட்டருக்குத் தண்ணீர் வேண்டும் என்றேன். கடைசியாக வந்த இளம்பெண் ஒருத்தி ஓடிப்போய் மொண்டு வந்து, நான் ஹேண்டில் சுற்றிக்கொண்டிருக்கும்போது அவளே ஊற்றினாள். நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

தோட்டத்தைவிட்டு வெளியேற ஒரே பாதை. நடுவில் சதுப்பு நிலம். அதன்மேல் மண் கொட்டி உயர்த்தியிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆழமான கால்வாய். ஒரு கார் போகலாம், இரண்டு கார் ஒதுங்க முடியாது. அதைத் தாண்டினால் ஒரு மேடு, மேட்டுக்கு மேல் கேட்டு. பாதி தூரம் போவதற்குள் முன்பக்கம் புகை கிளம்பியது. நிறுத்தி இறங்கி, துணியைச் சுற்றி மூடியைத் திறந்தால், ரப்பர் வெந்த நாற்றம்! உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கட்டி மிதக்கிறது.

"எவ தண்ணி ஊத்துனது?" என்று கத்தினேன்.

"நாந்தாண்ணே," என்றாள் அந்தப் பெண். "பால் வாளியிலதான் மொண்டேன். அடியில கொஞ்சோண்டு பாலு இருந்துச்சு. நேரமாச்சேன்னு கழுவல."

ரப்பர் பால் சூட்டில் உறைந்துவிட்டது. உலகத்தில் எத்தனையோ விதமாகக் கார் நின்று பார்த்திருக்கிறேன். வயிற்றுக்குள் ஒட்டுப்பால் கட்டி நின்ற கார் என்னுடையது ஒன்றுதான். பெண்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். "இன்னும் கொஞ்சம் ஊத்தியிருந்தா ரப்பர் ஷீட்டே அடிச்சிருக்கலாம்" என்றாள் ஒருத்தி. எனக்கு அழுகை வந்தது. எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். முந்தின நாள் மழையில் ஊறிய செம்மண், மேட்டில் ஏறாமல் கார் வழுக்கி வழுக்கிப் பின்னுக்கே வந்தது. அந்தம்மா மட்டும் இறங்கவில்லை.

"நீங்களும் எறங்குங்க அக்கா, கனம் கொறையட்டும்."

"நான் ஒருத்தி எறங்கினா மேடு தாழ்ந்துடுமா?" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அப்போதுதான் பின்னால் ஹாரன் கேட்டது.

தொரையின் கார். பின்சீட்டில் தொரை, வெள்ளைக் கால்சட்டை வெள்ளைச் சட்டையோடு, பக்கத்தில் டென்னிஸ் மட்டை. கிளப்புக்குப் போகிறார். பெண்களின் சிரிப்பு நின்றது. ஓடி ஓரத்தில் வரிசையாக நின்றார்கள். தொரையின் மலாய் டிரைவர் இறங்கி வந்து, "ரோசாக்கா?" என்று, கெட்டுப்போய்விட்டதா என்பதை மலாயில் கேட்டார். "ரோசாக்" என்றேன். ரேடியேட்டருக்குள் எட்டிப் பார்த்தவர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனார், சிரிப்பு வெளியே தெரியக்கூடாதென்று.

தொரைக்குத் தோட்டத்துத் தமிழ் வரும். தலையை நீட்டினார்.

"ஏய் டிரைவர்! கார் ஓரம் தள்ளு!"

"ஓரம் இல்லீங்க தொரை. கால்வாய்தான் இருக்கு."

"கால்வாயில் தள்ளு!"

கேலியாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை. பின்னாலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த கிராணிக்கு அது உத்தரவாகிவிட்டது. கால்வாயில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஆண்களைக் கைதட்டிக் கூப்பிட்டார். அவர்கள் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தார்கள். வந்து என் காரின்மேல் கை வைத்தார்கள். அந்தக் கால்வாயில் விழுந்த எதுவும் மேலே வந்ததில்லை. ஒரு மாட்டுவண்டியே உள்ளே கிடக்கிறது என்பார்கள். என் காரும் அதன்மேல் போய் உட்கார்ந்தால் நான் எதை ஓட்டுவேன், என் வீட்டில் எதைச் சமைப்பார்கள்? "பொழப்பே அதுதாங்க கிராணி ஐயா" என்று கும்பிட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

அப்போது பின்சீட்டில் 'படக்'கென்று ஒரு சத்தம். அந்தம்மா குடையை விரித்தார்.

மூடாத காரில், பின்சீட்டின் நடுவில், தொரையின் கண்முன்னால், குடை பிடித்துக்கொண்டு ஒரு பால்வெட்டுக்காரி உட்கார்ந்திருக்கிறாள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். எனக்கு மட்டும் கண்ணை எடுக்க முடியவில்லை.

"எறங்குடி கீழ!" என்று கிராணி அலறினார்.

"நீங்க மொதல்ல அந்தச் சைக்கிள்ல ஏறுங்க கிராணியாரே. அப்புறம் என்ன எறங்கச் சொல்லுங்க."

கிராணி தன் கையிலிருந்த சைக்கிளை அப்போதுதான் பார்த்தவரைப் போலப் பார்த்தார். தொரையின் கார் பக்கத்தில் நிற்கும்போது அவரால் அதில் ஏற முடியாது. காது சிவந்துவிட்டது.

கை வைத்திருந்த ஆண்களில் ஒருவன் மெல்லச் சொன்னான். "அக்கா, எறங்கிடு அக்கா. எங்களத்தான் கொல்லுவாங்க."

"ஒங்கள யாரு என்ன சொன்னா? தள்ளச் சொல்லியிருக்காங்க, தள்ளுங்க. நானும் சேந்து போறேன். அவ்வளவுதானே?"

ஒருவரும் தள்ளவில்லை. ஒவ்வொரு கையாக என் காரைவிட்டு விலகியது. கிராணி பற்களுக்கிடையில் பேசினார்.

"நாளைக்கிச் செக்ரோல்ல ஒன் பேரு இருக்காது. கப்பல்லதான் இருப்பே."

"நாளைக்குத்தானே? இன்னிக்கி ஞாயித்துக்கெழம."

அந்தக் குரலில் நடுக்கம் இல்லை. ஆனால் குடைக்காம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. அருகில் நின்ற எனக்கு அது தெரிந்தது. அந்தம்மாவுக்குப் பயம் என்பதே கிடையாது என்று பிறகு பலர் சொன்னார்கள். அவர்கள் அந்த விரல்களைப் பார்க்கவில்லை.

தொரை நினைத்திருந்தால் காரைப் பின்னால் எடுத்து வேறு வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம். கூலிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க அவர் கார் பின்னால் போகுமா? போகாது. அவரும் இறங்கவில்லை, அந்தம்மாவும் இறங்கவில்லை. நடுவில் நான் காருக்கடியில் படுத்தேன். கீழ்க்குழாயைக் கழற்றியதும் கொதிநீர் கையில் கொட்டியது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. விரலை விட்டு இழுத்தேன். ரப்பர் கட்டி நீளமாக, இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

இனி நல்ல தண்ணீர் வேண்டும். பால் வாளியை நான் தொடவிடுவேனா? சுத்தமான பாத்திரம் என்று இருந்தது புளிச்சோற்றுத் தூக்கு ஒன்றுதான்.

"அப்ப அது காலியாகணும்ல," என்றார் அந்தம்மா. "வாங்கடி, சாப்புடுங்க. மீன் புடிச்சவங்களும் வாங்க. மெதுவா, தொண்டைல அடைச்சுக்காம."

ஹாரன் இன்னொரு தடவை அடித்தது. அந்தம்மா குடைக்கடியில் இருந்துகொண்டே சோற்றை உருட்டி உருட்டிக் கையில் வைத்தார். முதலில் யாரும் வாங்கவில்லை. வாளியைக் கழுவாத பெண்தான் முதலில் கையை நீட்டினாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரி, மண்ணை வாரித் தூற்றியவள். பிறகு எல்லாரும். என் வாயிலும் ஓர் உருண்டை விழுந்தது. அந்தப் புளிப்பு இப்போதும் நாக்கில் இருக்கிறது.

"தொரைக்கும் ஒரு உருண்ட வேணுமான்னு கேளுங்க கிராணியாரே. வெயில்ல காஞ்சுக்கிட்டு இருக்காரு, பாவம்."

கிராணி கேட்கவில்லை. தூக்கு காலியானது. கால்வாயில் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். கார் இருமி இருமிக் கிளம்பியது. ஆண்கள் யாரும் சொல்லாமலே பின்னாலிருந்து தள்ளி மேட்டில் ஏற்றிவிட்டார்கள். அந்த மேடு முடிந்து கேட்டு வரும்வரை என் கார் முன்னால் ஊர்ந்தது, தொரையின் கார் பின்னால் ஊர்ந்தது. நடுவில் அந்தக் கறுப்புக் குடை.

தஞ்சோங் கிளிங் போய்ச் சேரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. பெண்கள் கூச்சலிட்டுக்கொண்டு தண்ணீருக்கு ஓடினார்கள். அந்தம்மா பின்சீட்டிலேயே இருந்தார். நான் சும்மா இருக்காமல், "எறங்குங்க அக்கா, கடல் வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டேன். முறைத்தார்.

"நாகப்பட்டணத்துல ஒக்காருன்னான், எண்ணுனான். எந்திரின்னான், எண்ணுனான். கப்பல்ல ஏத்தி எண்ணுனான். இங்க எறக்கி எண்ணுனான். எம் புருசன், எறங்குனதும் எங்கள அடைச்சு வச்ச கேம்புல செத்தப்ப எந்திரிச்சுப் பக்கத்துல போக விடல. வரிச கலையுமாம், எண்ணிக்க தப்புமாம். அன்னிக்கி முடிவு பண்ணேன் தம்பி. இனிமே நானா ஒக்காருவேன், நானா எந்திரிப்பேன்."

நான் வேறு பக்கம் திரும்பி நின்றேன்.  கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அந்தம்மா மணலில் நடந்துபோய், அலை வந்து தொடுகிற இடத்தில் உட்கார்ந்தார். அலை வந்து சேலையை நனைத்தது. பெண்கள் "எந்திரிங்க, எந்திரிங்க" என்று கத்தினார்கள். அந்தம்மா கடலுக்கும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் அவர் பெயரைக் கூப்பிடவில்லை. லயத்தைக் காலிசெய்யச் சொன்னார்கள். கேட்டு வரைக்கும் சாமானைத் தலையில் வைத்து நடந்து போக வேண்டும், அங்கே லாரி வரும், லாரி கப்பலுக்குப் போகும் என்பது உத்தரவு. புளிச்சோற்றை முதலில் வாங்கிய பெண்ணின் புருஷன் சுங்கை ரம்பாய் வரைக்கும் ஓடிப்போய், அங்கிருந்து எனக்குச் சொல்லி அனுப்பினான். அந்தத் தோட்டத்துக்குள் நான் கால் வைத்தால் காலை உடைப்பதாகக் கிராணி சொல்லியிருந்தார். நான் காலை வைக்கவில்லை, காரை ஓட்டிக்கொண்டு போனேன். பஞ்சாபி ஜாகா என்னைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் கேட்டைத் திறந்தான்.

அந்தம்மா ஒரு தகரப்பெட்டியோடு லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று எனக்குத் தெரியும். கதவை மட்டும் திறந்துவைத்தேன். தானாக எழுந்து வந்து ஏறினார். துணிக்கூரையை இறக்கினேன். குடையை விரித்தார்.

"மெதுவாப் போ."

மெதுவாகப் போனேன். பால் நிறுக்கும் கொட்டகையில் தோட்டமே நின்றுகொண்டிருந்தது. யாரும் கையசைக்கவில்லை, அதற்கு யாருக்குத் தைரியம்? ஆனால் பக்கத்து வீட்டுக்காரி மட்டும், கிராணி பக்கத்தில் நிற்கும்போதே, தன் பால் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். கிராணி ஏதோ சத்தம் போட்டார். அவள் எழுந்திருக்கவில்லை.

சதுப்புப் பாதையில் கொஞ்ச தூரம் வந்தபோது எதிரே தொரையின் கார் வந்தது.  அந்த ஒற்றைப் பாதையில் அவர்கள்தான் அதிக தூரம் வந்திருந்தார்கள். பின்னால் போக வேண்டியவன் நான். கியரில் கை வைத்தேன்.

"கைய எடு," என்றார் அந்தம்மா.

எடுத்தேன். இரண்டு கார்களும் எதிரெதிரே நின்றன. மலாய் டிரைவர் குடையைப் பார்த்தார். பின்னால் திரும்பித் தொரையைப் பார்த்தார். ஹாரன் அடிக்கவில்லை. தொரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வாயை இறுக்கிக்கொண்டு டிரைவரிடம் ஏதோ ஒரு வார்த்தை சொன்னார். கார் பின்னால் நகர்ந்தது. பாதை முழுக்க, மேடு முழுக்க, கேட்டு வரைக்கும் பின்னாலேயே போய், ஓரமாக ஒதுங்கி நின்றது. நாங்கள் அதைத் தாண்டும்போது நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் ஒரு வெள்ளைக்காரனைத் தாண்டும்போது நிமிர்ந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மலாய் டிரைவர் எனக்குத் தலையசைத்தார்.

கேட்டருகில் லாரி நின்றது. அதை நான் பார்த்தேன், அந்தம்மா பார்க்கவில்லை. பெரிய ரோட்டில் ஏறி, தோட்டத்து மரங்கள் கண்ணுக்கு மறைந்த பிறகு பின்னால் 'படக்'கென்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் இன்னொரு கையை நீவிக்கொண்டிருந்தார்.

"ஏங்க்கா, மடக்கிட்டீங்க?"

"கை வலிக்குது தம்பி," என்றார்.